எஸ்எம்பிஎஸ் இரைச்சலை அடக்க ஃபில்டர் போடும் வரிசை: முழுமையான வழிகாட்டி

எஸ்எம்பிஎஸ், அதாவது கரண்டை வேகமாக வெட்டி வெட்டி வோல்ட்டேஜை மாற்றும் சப்ளை ஒன்று. மல்டிமீட்டரில் 5.02 வோல்ட் அசையாமல் நிற்கிறது. ஆனால் அதே சப்ளையில் ஓடும் ஆர்டுயினோவில் ரீடிங் 512, 516, 509, 515 என்று குதிக்கிறது. இந்த இடத்துக்கு வந்த எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான்: கையில் கிடைத்த 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை அவுட்புட்டில் போடுவது. போகாது. பக்கத்தில் இன்னொன்று போடுவார்கள். அதற்கும் போகாது.

கெப்பாசிட்டர் கெட்டதில்லை. எந்த இரைச்சல், எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் போட்டதுதான் கோளாறு. அதனால் இங்கே பாகங்களை விட வரிசைக்குத்தான் இடம் அதிகம். உதாரணத்துக்கு நாம் எல்லோரும் வைத்திருக்கும் அமைப்பையே எடுத்துக்கொள்கிறேன்: 12 வோல்ட் அடாப்டர், அதிலிருந்து எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டேஜைக் குறைக்கும் சர்க்யூட்) மாட்யூல், அதிலிருந்து 5 வோல்ட், அரை ஆம்பியர் லோடு. வேறு சிப் என்றால் எண்கள் மாறும், வரிசை மாறாது.

1. மேசையில் முதலில் இருக்க வேண்டியவை

ஒரு ஆசிலோஸ்கோப். விலை குறைந்த இரண்டு சானல் ஸ்கோப் போதும். ஸ்கோப் இல்லாதவர்களுக்கு மூன்றாம் பகுதியில் மாற்று வழி இருக்கிறது.

10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று. 5 வோல்ட்டில் இது அரை ஆம்பியர் இழுக்கும், 2.5 வாட் சூடாகும். உங்கள் சர்க்யூட்டையே லோடாக வைத்து அளந்தால், சப்ளையின் இரைச்சல் எது, சர்க்யூட் கிளப்பும் இரைச்சல் எது என்று பிரிக்க முடியாது. ரெசிஸ்டர் தானாக எதையும் கிளப்பாது.

ஃபில்டருக்கு: 10 மைக்ரோஹென்ரி இண்டக்டர் (சாச்சுரேஷன் கரண்ட், அதாவது இண்டக்டர் தன் வேலையை இழக்கும் கரண்ட், 2 ஆம்பியருக்கு மேல்), 100 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக், 10 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் எக்ஸ்7ஆர் செராமிக், சில 0.1 மைக்ரோஃபாரட் செராமிக், 600 ஓம் ஃபெரைட் பீட், கேபிளில் மாட்டும் கிளிப் ஃபெரைட் ஒன்று. சில நூறு பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர்களும் 10 முதல் 47 ஓம் வரை ரெசிஸ்டர்களும் பிறகு தேவைப்படும்.

அடாப்டரைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏசி ரெக்டிஃபை ஆனதும் உள்ளே சுமார் 325 வோல்ட் டிசி நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும். ஒன்பதாம் பகுதி வரை நாம் செய்யும் எல்லாமே 12 வோல்ட்டுக்கு இந்தப் பக்கம்தான்.

2. குற்றவாளி யார் என்று பேட்டரியைக் கேளுங்கள்

4 ரீசார்ஜபிள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களை வரிசையாகப் போட்டால் 4.8 வோல்ட். மாட்யூலைக் கழற்றிவிட்டு சர்க்யூட்டை இதில் ஓட்டுங்கள். ரீடிங் அப்போதும் குதித்தால் சப்ளை நிரபராதி. சென்சார் வயர் நீளமாக இருக்கும், அல்லது பக்கத்தில் ரிலே, மோட்டார் ஏதாவது இருக்கும். அங்கே போய்த் தேடுங்கள். இந்த ஐந்து நிமிடச் சோதனையைத் தவிர்த்துவிட்டு ஒரு வாரம் ஃபில்டர் கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேட்டரியில் அமைதியானால் அடுத்த சோதனை. பழைய யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரி இருந்தால் அடாப்டருக்குப் பதிலாக அதை மாட்யூலுக்குக் கொடுங்கள். நடுவில் சின்ன ஃபியூஸ் ஒன்று கட்டாயம், ஷார்ட் ஆனால் அந்த பேட்டரி வயரையே உருக்கிவிடும். இரைச்சல் நின்றால் காரணம் அடாப்டர், நிற்காவிட்டால் மாட்யூல். இரண்டுக்கும் மருந்து வேறு.

3. அளப்பதில் ஏமாறாமல் இருக்க

புதியவர்கள் ஸ்கோப்பில் பார்க்கும் இரைச்சலில் பாதி அவர்களுடைய புரோபே உண்டாக்கியது. புரோபின் கிரவுண்டு கிளிப் வயர் 10, 15 சென்டிமீட்டர் நீளம். அந்த வயரும் புரோப் முனையும் சேர்ந்து ஒரு வளையம். பக்கத்தில் உள்ள இண்டக்டரின் காந்தப்புலத்தை அது ஆன்டெனா போலப் பிடித்துக்கொள்ளும்.

கிளிப் வயரைக் கழற்றிவிடுங்கள். புரோபோடு வந்த சின்ன ஸ்பிரிங் கிரவுண்டு முனையை மாட்டுங்கள். தொலைந்து போயிருந்தால் (தொலைந்துதான் போயிருக்கும்) சிங்கிள் ஸ்டிராண்ட் வயரைப் புரோப் கழுத்தில் சுற்றி நீங்களே செய்துகொள்ளலாம். அவுட்புட் கெப்பாசிட்டரின் இரண்டு கால்களிலும் நேரடியாகத் தொட்டு அளக்க வேண்டும், வயர் முனையில் அல்ல. ஸ்கோப்பை ஏசி கப்ளிங்கில் வையுங்கள். ரிப்பிள் (சீரான ஏற்ற இறக்கம்) பார்க்கும்போது 20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்வித் லிமிட்டைப் போடுங்கள், ஸ்பைக் (ஊசி போன்ற துடிப்பு) பார்க்கும்போது எடுத்துவிடுங்கள். லிமிட்டோடு ஒரு படம், இல்லாமல் ஒரு படம் என்று இரண்டையும் சேமித்து வைத்தால் அடுத்த பகுதி சுலபம்.

இன்னொரு சோதனை: புரோப் முனையையும் அதன் கிரவுண்டையும் ஒன்றாகச் சேர்த்து, அவுட்புட்டின் நெகட்டிவில் வையுங்கள். திரையில் கோடு நேராக இருக்க வேண்டும். இல்லையா? நீங்கள் பார்க்கும் அளவு உங்கள் அளவீட்டின் தவறு, அல்லது காமன் மோட் இரைச்சல் (இரண்டு வயரும் சேர்ந்தே ஆடுவது, அடுத்த பகுதியில் வருகிறது). இது தெரியாமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

ஸ்கோப் கிரவுண்டு என்பது சுவர் சாக்கெட்டின் எர்த். அடாப்டரின் 12 வோல்ட் பக்கத்தில் தொடலாம். ஏசி பக்கத்தில் ஒருபோதும் தொடக்கூடாது. ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிட்டு அளக்கும் வித்தையை யாராவது சொல்லிக்கொடுத்தால் கேட்காதீர்கள்.

ஸ்கோப் இல்லையென்றால் மீடியம் வேவ் ரேடியோவே கருவி. ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து மாட்யூல் அருகே கொண்டுபோங்கள். எல்எம்2596 ஸ்விட்ச் ஆவது 150 கிலோஹெர்ட்ஸில். அதன் மடங்குகளான 600, 750, 900 கிலோஹெர்ட்ஸ் அருகே ரேடியோ சத்தம் போடும். எந்த வயர் பக்கம் போனால் சத்தம் கூடுகிறதோ அதுதான் இரைச்சல் வெளியேறும் வழி. அளவு வேண்டுமென்றால் ஆர்டுயினோவே காட்டும்: ஒரு பென்சில் செல்லை அனலாக் பின்னில் கொடுத்து 200 ரீடிங் எடுத்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். செல் அசையாது. அசைந்தால் அது ரெஃபரன்ஸாக (ஒப்பிடும் அளவுகோலாக) இருக்கும் உங்கள் 5 வோல்ட்.

4. இரைச்சலின் சாதியைப் பாருங்கள்

நான்கு வகை. நான்குக்கும் ஒரே மருந்து கிடையாது.

மெதுவாக, நொடிக்கு 100 முறை ஏறி இறங்கினால், 50 ஹெர்ட்ஸ் ஏசி ரெக்டிஃபை ஆனதன் மிச்சம். அடாப்டரின் உள் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும், அல்லது அளவுக்கு மேல் லோடு இழுக்கிறீர்கள். ஃபில்டர் வேண்டாம், அடாப்டரை மாற்றுங்கள்.

150 கிலோஹெர்ட்ஸில் முக்கோண வடிவில் வந்தால் அது ரிப்பிள். மாட்யூலில் உள்ள இண்டக்டர் 33 மைக்ரோஹென்ரி என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டை 5 ஆக்கும்போது அதன் கரண்ட் சுமார் 0.6 ஆம்பியர் ஏறி இறங்கும். அவுட்புட் கெப்பாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ், அதாவது ஈஎஸ்ஆர், 0.1 ஓம் என்றால் ரிப்பிள் 60 மில்லிவோல்ட். 10 பிட் ஆர்டுயினோவில் ஒரு படி 4.88 மில்லிவோல்ட். ரீடிங் ஏன் குதிக்கிறது என்று புரிகிறதா? 1000 மைக்ரோஃபாரட் ஏன் உதவவில்லை என்பதும் இங்கேயே இருக்கிறது. இந்த அதிர்வெண்ணில் ரிப்பிளை முடிவு செய்வது மைக்ரோஃபாரட் அல்ல, ஈஎஸ்ஆர்.

முக்கோணத்தின் முனைகளில் ஊசி போல எழுந்து நடுங்கி அடங்கினால் அது ஸ்பைக். ஸ்விட்ச் திறந்து மூடும் கணத்தில் வயரின் இண்டக்டன்ஸும் டயோடின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து பல பத்து மெகாஹெர்ட்ஸில் அதிர்வது.

பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு வயரும் சேர்ந்தே எர்த்தைப் பொறுத்து ஆடினால் அது காமன் மோட். லேப்டாப்பின் யுஎஸ்பி வயரைப் பிடுங்கியதும் ரீடிங் அமைதியானால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஒரு பக்கக் குறிப்பு. ஸ்கோப்பில் 150க்குப் பதில் 50 கிலோஹெர்ட்ஸ் அருகே தெரிந்தால், மேலே அச்சிட்ட பெயர் வேறு, உள்ளே உள்ள சிப் வேறு. மலிவு மாட்யூல்களில் இது சகஜம். அதிர்வெண் மூன்றில் ஒன்றாகிவிட்டதால் ரிப்பிள் மூன்று மடங்கு, நீங்கள் கட்டும் ஃபில்டரும் அந்த அளவுக்கு வலு குறையும். கணக்கை 150க்குப் போட்டுவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று விழிக்காதீர்கள்.

5. பாகம் வாங்கும் முன் வயரைச் சரி செய்யுங்கள்

10 சென்டிமீட்டர் வயர் என்பது தோராயமாக 100 நானோஹென்ரி. 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்பைக்குக்கு அது 31 ஓம். அதாவது கெப்பாசிட்டரை நீண்ட கால்களோடு பிரெட்போர்டில் குத்தினால், ஸ்பைக்கின் கண்ணுக்கு அங்கே கெப்பாசிட்டரே இல்லை. கால்களை வெட்டி ஒட்டிப் பற்றவையுங்கள்.

மாட்யூலுக்கு வரும் 12 வோல்ட் ஜோடியையும் போகும் 5 வோல்ட் ஜோடியையும் தனித்தனியே முறுக்குங்கள். இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள், ஃபில்டர் செய்த வயருக்கு ஃபில்டர் செய்யாத வயரிலிருந்து இரைச்சல் தாவும்.

பக் கன்வெர்ட்டரில் ஆபத்தான வளையம் இன்புட் கெப்பாசிட்டர், ஸ்விட்ச், டயோடு மூன்றும் சேர்ந்தது. கரண்ட் அங்கேதான் வெட்டி வெட்டி ஓடுகிறது. மலிவு மாட்யூலில் இன்புட்டில் எலக்ட்ரோலிட்டிக் மட்டும்தான் இருக்கும். அதன் காலிலேயே ஒரு 10 மைக்ரோஃபாரட் செராமிக்கைப் பற்றவையுங்கள். என் அனுபவத்தில் ஒரு பாகத்துக்கு அதிகப் பலன் கிடைத்தது இந்த இடத்தில்தான்.

கிரவுண்டு: மோட்டாரின் கரண்ட் சென்சாரின் கிரவுண்டு வயர் வழியே திரும்பக்கூடாது. இரண்டும் மாட்யூலின் அவுட்புட் நெகட்டிவில் வந்து தனித்தனியாகச் சேரட்டும்.

6. ரிப்பிளுக்கு எல்சி ஃபில்டர்

இப்போதுதான் ஃபில்டர். மாட்யூல் அவுட்புட்டிலிருந்து 10 மைக்ரோஹென்ரி இண்டக்டர், அதற்குப் பின் கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட்.

வெட்டு அதிர்வெண் 1 கீழ் 2 பை ரூட் எல்சி, அதாவது சுமார் 5 கிலோஹெர்ட்ஸ். புத்தகக் கணக்குப்படி 150 கிலோஹெர்ட்ஸில் இது கிட்டத்தட்ட 900 மடங்கு குறைக்க வேண்டும். நிஜத்தில் குறைக்காது. 150 கிலோஹெர்ட்ஸில் இண்டக்டர் 9.4 ஓம். சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கின் ஈஎஸ்ஆர் 0.3 ஓம் என்றால் கிடைப்பது 31 மடங்குதான். இருந்தாலும் கவலை வேண்டாம்: 60 மில்லிவோல்ட் 2 ஆகிவிட்டது, ஒரு படிக்கும் கீழே. பக்கத்தில் 10 மைக்ரோஃபாரட் செராமிக்கைச் சேர்த்தால் 1 மில்லிவோல்ட் அளவுக்கு இறங்கும்.

இங்கே நடக்கும் தவறுகள் வரிசையாக:

ஃபீட்பேக்கை (ரெகுலேட்டர் தன் அவுட்புட்டை அளந்து பார்க்கும் வயரை) ஃபில்டருக்குப் பின்னால் எடுப்பது. எடுக்காதீர்கள். ஃபில்டரின் தாமதம் ரெகுலேட்டரின் சுற்றுக்குள் போய் சப்ளையே அலையும். மாட்யூல் தன் அவுட்புட்டைத் தானே பார்த்துக்கொள்ளட்டும், ஃபில்டர் வெளியே நிற்கட்டும். இண்டக்டரின் 0.1 ஓமில் அரை ஆம்பியருக்கு 50 மில்லிவோல்ட் விழும். மாட்யூலின் ட்ரிம்மரைச் சற்றே திருப்பி ஈடுகட்டலாம்.

மாட்யூலின் சொந்த அவுட்புட் கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு செராமிக் மட்டும் வைப்பது. எல்எம்2596 நிலையாக ஓட அந்தக் கெப்பாசிட்டரில் கொஞ்சம் ஈஎஸ்ஆர் வேண்டும். அதை எடுத்துவிட்டால் அதுவே ஆசிலேட்டர் ஆகிவிடும்.

செராமிக்கின் மேல் எழுதிய மதிப்பை அப்படியே நம்புவது. டிசி வோல்ட்டேஜ் ஏற ஏற அதன் கெப்பாசிட்டன்ஸ் இறங்கும். 16 வோல்ட் என்று எழுதிய சின்ன செராமிக்கை 12 வோல்ட்டில் வைத்தால் பாதிக்கு மேல்கூட காணாமல் போகலாம். உருவில் பெரியது, வோல்ட்டேஜில் இரட்டிப்பு என்று தேர்ந்தெடுங்கள்.

சின்ன இண்டக்டரைப் போடுவது. சாச்சுரேஷனைத் தாண்டினால் அது வெறும் வயர். லோடு இல்லாமல் ஸ்கோப் படம் அழகாக இருக்கும், லோடு கொடுத்ததும் ரிப்பிள் திரும்பி வரும். ரெசிஸ்டர் லோடு வைக்கச் சொன்னது இதற்கும்தான்.

உங்களுக்குச் சுத்தமாக வேண்டியது 5 மில்லியாம்பியர் இழுக்கும் சென்சார் மட்டும் என்றால் இண்டக்டரே வேண்டாம். 10 ஓம் ரெசிஸ்டரும் 100 மைக்ரோஃபாரட்டும் போதும். 150 கிலோஹெர்ட்ஸில் அந்த 10 ஓம் இண்டக்டருக்குச் சமம், வோல்ட்டேஜ் இழப்பு 50 மில்லிவோல்ட்தான், அதிரவும் செய்யாது. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

லீனியர் ரெகுலேட்டர் போட்டால் எல்லாம் போய்விடாதா என்று கேட்பார்கள். 100 ஹெர்ட்ஸ் போகும். 150 கிலோஹெர்ட்ஸில் பழைய ரெகுலேட்டர்களின் தடுக்கும் திறன் மிகக் குறைவு, ஸ்பைக் நேராகத் தாண்டிப் போகும். போடுவதானால் எல்சிக்குப் பின்னால் போடுங்கள்.

7. ஃபில்டரே அதிராமல் பார்க்க

எல்லும் சியும் சேர்ந்தால் மணி போல அடிக்கும். ரூட் எல் கீழ் சி, அதாவது எல்லைச் சியால் வகுத்து அதற்கு ரூட் எடுத்தால், நம் ஃபில்டருக்கு 0.32 ஓம் வருகிறது. எலக்ட்ரோலிட்டிக்கின் ஈஎஸ்ஆர் 0.3 ஓம், கிட்டத்தட்ட அதே அளவு. ஆறாம் பகுதியில் குறை சொன்ன அதே ஈஎஸ்ஆர்தான் இங்கே அதிர்வை விழுங்கித் தடுக்கிறது. விலை உயர்ந்த கெப்பாசிட்டராகத் தேடிப் போட்டு நிலைமையை மோசமாக்கிக்கொள்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

செராமிக் மட்டும் வைத்துக் கட்டினால் அதனோடு நான்கைந்து மடங்கு பெரிய எலக்ட்ரோலிட்டிக் ஒன்றைப் பக்கத்தில் சேருங்கள். சோதிக்க, லோடு ரெசிஸ்டரைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். ஸ்கோப்பில் ஒரே ஒரு மேடு வந்து அடங்கினால் சரி. ஏழெட்டு அலை வந்தால் டாம்பிங் (அதிர்வை அடக்குவது) போதாது.

இன்புட் பக்கம் ஃபில்டர் வைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பக் கன்வெர்ட்டர் வோல்ட்டேஜ் குறைந்தால் கரண்டை அதிகமாக இழுக்கும் பிராணி. டாம்பிங் இல்லாத ஃபில்டரை முன்னால் வைத்தால் இரண்டும் சேர்ந்து ஆடும். தவிர, செராமிக் மட்டும் உள்ள இன்புட்டில் 12 வோல்ட் பிளக்கைச் சட்டென்று குத்தினால் ஒரு கணம் 24 வோல்ட் வரை எழும்பலாம். எல்எம்2596 அதைத் தாங்கும். பக்கத்தில் 16 வோல்ட் கெப்பாசிட்டர் வைத்திருந்தால் அது தாங்காது.

8. ஸ்பைக்குக்கு பீடும் ஸ்னப்பரும்

எல்சி போட்ட பிறகும் ஊசிகள் மட்டும் நிற்கும். இண்டக்டரின் சுற்றுகளுக்கு இடையே உள்ள கெப்பாசிட்டன்ஸ் வழியாக அவை குதித்துப் போகின்றன. அங்கே ஃபெரைட் பீட் வேலை செய்யும். உயர் அதிர்வெண்ணில் அது ரெசிஸ்டர் போல நடந்து ஸ்பைக்கைச் சூடாக்கித் தீர்த்துவிடும். பீட், அதற்குப் பின் 0.1 மைக்ரோஃபாரட், லோடுக்கு ஒட்டி. 600 ஓம் என்பது 100 மெகாஹெர்ட்ஸில், கரண்ட் இல்லாதபோது அளந்தது. அரை ஆம்பியர் ஓடும் இடத்தில் அரை ஆம்பியர் பீட் வைத்தால் அந்த 600இல் பெரும்பகுதி போய்விடும். 2 ஆம்பியர் பீட் வையுங்கள்.

ஸ்பைக்கைப் பிறக்கும் இடத்திலேயே அடக்க வேண்டுமென்றால் டயோடுக்குக் குறுக்கே ஸ்னப்பர், அதாவது தொடராக ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும். மதிப்பை ஊகிக்காதீர்கள், அளந்து எடுக்கலாம்:

டயோடின் மேல் அதிர்வின் அதிர்வெண்ணைப் பாருங்கள், 60 மெகாஹெர்ட்ஸ் என்போம். டயோடுக்கு இணையாகச் சின்னக் கெப்பாசிட்டரை ஏற்றிக்கொண்டே போய், அதிர்வெண் பாதியாகும்போது நிறுத்துங்கள். 330 பிக்கோஃபாரட்டில் 30 ஆனது என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கு, 110 பிக்கோஃபாரட், சர்க்யூட்டில் ஏற்கெனவே ஒளிந்திருந்தது. அதைக் கொண்டு ஒளிந்திருக்கும் இண்டக்டன்ஸ் 64 நானோஹென்ரி என்று வருகிறது. ரூட் எல் கீழ் சி, 24 ஓம். 22 ஓம் எடுத்து, அதனோடு தொடராக 330 அல்லது 470 பிக்கோஃபாரட் வைத்து, டயோடின் கால்களிலேயே பற்றவையுங்கள். 470 பிக்கோஃபாரட்டில் வீணாகும் சக்தி 10 மில்லிவாட்தான். கெப்பாசிட்டரைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் அது ரெசிஸ்டரைச் சூடாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

9. காமன் மோடுக்கு வேறு ஆயுதம்

இதுவரை போட்ட எதுவும் காமன் மோடைத் தொடாது, ஏனென்றால் இரண்டு வயரும் சேர்ந்தே ஆடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் கெப்பாசிட்டர் வைத்து என்ன பயன்?

பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் சேர்த்து ஒரே கிளிப் ஃபெரைட்டுக்குள் விடுங்கள். போகும் கரண்டும் வரும் கரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் அது சாச்சுரேட் ஆகாது. வயரை இரண்டு முறை சுற்றினால் பலன் நான்கு மடங்கு. ஒரே வயரை மட்டும் விட்டால் பலனில்லை, இந்தத் தவறை வாரம் ஒருவர் செய்கிறார். போதவில்லை என்றால் காமன் மோட் சோக் வையுங்கள்.

எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரில், உலோகப் பெட்டியைத் தொட்டால் லேசாகச் சுணைக்கும். ஏசி பக்கத்துக்கும் டிசி பக்கத்துக்கும் நடுவில் உள்ள ஒய் கெப்பாசிட்டர்தான் காரணம். அதை வெட்டியெடுத்தால் சுணைப்பு போகும், இரைச்சல் கூடும். அந்த இடத்தில் சாதாரணக் கெப்பாசிட்டர் வைத்தால், அது ஷார்ட் ஆகும் நாளில் உங்கள் கையில் நேராக 230 வோல்ட்.

10. ஏசி பக்கம்

தயாரான ஃபில்டர் சாக்கெட் வாங்கிப் பெட்டியில் பொருத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் உள்ளே எக்ஸ், ஒய் வகைக் கெப்பாசிட்டர்களும் சோக்கும் இருக்கும். ஆனால் நிஜமான எர்த் இருந்தால்தான் பயன். எர்த் வராத மூன்று பின் சாக்கெட்டில் மாட்டினால் உள்ளே உள்ள ஒய் கெப்பாசிட்டர்கள் உலோகப் பெட்டியை ஏசியின் பாதி வோல்ட்டேஜுக்குத் தூக்கிவிடும். முதலில் எர்த்தைச் சோதித்துவிட்டு மாட்டுங்கள்.

11. முடிந்ததா என்று பார்க்க

ஒவ்வொரு பாகத்தையும் தனியாகச் சேருங்கள், ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே இடத்தில், அதே புரோபில், அதே லோடில் அளந்து எழுதுங்கள். மூன்றை ஒன்றாகப் போட்டால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

பிறகு கால் லோடு, முழு லோடு இரண்டிலும் பாருங்கள். லோடு மிகக் குறைந்தால் மாட்யூலின் ஸ்விட்ச் முனையில் மெதுவான அலையொன்று தெரியும், இண்டக்டர் கரண்ட் ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்யத்தைத் தொடுவதால் வருவது, அதைத் துரத்த வேண்டாம். அரை மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிய பின் இண்டக்டரையும் கெப்பாசிட்டர்களையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எலக்ட்ரோலிட்டிக் சூடாக இருந்தால் ரிப்பிள் கரண்ட் அதற்கு அதிகம், பெரியதை மாற்றுங்கள். கடைசியாக ரெசிஸ்டரைக் கழற்றி உங்கள் சர்க்யூட்டை மாட்டி, அதே பென்சில் செல்லை வைத்து அதே 200 ரீடிங்கை எடுங்கள். வித்தியாசம் ஒன்று அல்லது இரண்டு படிக்குள் வந்தால் பெட்டியை மூடலாம்.